வாயை மூடிக்கொண்டு ஊட்டியவர்

“நோரு மூய்.”

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். வாயை மூடு என்று அர்த்தம். எனக்குத் தெலுங்கு புரிந்திருக்காதோ என்று சந்தேகப்பட்டு, உடனே தமிழிலும் சொன்னார். நகரிப் பக்கத்தில் பிறந்தவளுக்குத் தெலுங்கு தெரியாதா? இரண்டு மொழியிலும் எனக்குக் கோபம் வந்தது.

திருப்பதியில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், ஒரு முற்றத்தைச் சுற்றி ஆறு வாடகை வீடுகள். நான் குடிவந்த இரண்டாவது நாள் அது. என் மகளுக்குப் பத்து மாதம். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். ரயில் போனால் ரயிலைக் காட்டினேன். பூனை வந்தால் பூனையைக் காட்டினேன். ஒன்றும் வராதபோது கொடியில் காயும் லுங்கியைக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். சாப்பிடத்தான் இல்லை. எதிர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

“யாரப் பாத்து வாய மூடுன்ற?” என்றேன்.

“ஒன்னத்தான். அது துன்னட்டும்.”

“நான் பேசுனா உனக்கு இன்னா?”

“எனக்கு ஒண்ணியும் இல்ல. அதோட கண்ணு ஒரு பக்கம் போவுது, காது ஒரு பக்கம் போவுது. வாய் மட்டும் ஒன் கிண்ணத்தாண்ட நிக்குமா?”

வயதில் மூத்தவரை நீ என்று பேசியது தப்புதான். அன்றைக்கு வந்தது அதுதான். அவரும் கண்டுகொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அவருக்குப் பெயர் உண்டு. அந்த முற்றத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. தெலுங்குக் குடித்தனங்கள் ‘கொண்ட அன்னா’ என்பார்கள். கொண்ட என்றால் மலை. மலைமேல் முடி காணிக்கை கொடுக்க வருகிறவர்களுக்கு மொட்டை அடிப்பது அவர் வேலை. நான் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தது ரொம்ப நாள் கழித்து.

அவருக்கு ஷிப்ட் வேலை. கீழே இறங்கி வந்ததும் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது, ரேடியோ பாடக்கூடாது. அவர் பேசிய தமிழ் எல்லாம் மலைமேல் மொட்டை போடும் மண்டபத்தில் கற்றது. குனி. ஆடாத. கண்ண மூடு. ஆச்சு, எழுந்திரு. மீதித் தமிழை என்னோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்டார்.

முகங்கள் அவருக்கு ஞாபகம் இருக்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் உச்சந்தலையைத்தான் பார்ப்பார். என் பக்கத்து வீட்டுக்காரரை ‘ரெண்டு சுழி’ என்பார், வீட்டுச் சொந்தக்காரரை ‘தழும்பு’ என்பார். என் மகளை முதல்முறை தூக்கியபோது அவள் மூக்கு யார் மாதிரி, கண் யார் மாதிரி என்றெல்லாம் கேட்கவில்லை. தலையைத் தடவிப் பார்த்து, “முடி மெத்துன்னு கீது, தோல் மெல்லிசு. பாத்து அடிக்கணும்” என்றார். அவ்வளவுதான் கொஞ்சல்.

அவருடைய குணத்துக்கு ஒரு சம்பவம் போதும். கோடையில் மூன்றாவது வீட்டுக் குழந்தைக்குத் தலையெல்லாம் கொப்புளம். மொட்டை அடித்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். முற்றத்தில் குழந்தையைத் தாய் மடியில் உட்கார வைத்தார். உடனே வீடே திரண்டு வந்துவிட்டது. ஒருத்தி கிலுகிலுப்பை ஆட்டினாள். ஒருத்தர் நாய் மாதிரி குரைத்தார். தாய் பாட ஆரம்பித்தாள். குழந்தையின் தலை பம்பரம் போல் சுற்றியது. இவர் கத்தியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். குத்துக்கால் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

“ஏன் நிறுத்திட்ட அன்னா?”

“நீங்க ஆடி முடிங்க. அப்பறம் நான் செய்யறேன்.”

நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே உட்கார்ந்திருந்தார். அவர்களுக்குக் கை வலித்தது, குரைத்தவருக்குத் தொண்டை கட்டியது. ஒருவர் பின் ஒருவராக ஓய்ந்தார்கள். சத்தம் அடங்கியதும் குழந்தை தானாக இவர் பக்கம் திரும்பியது. ஈரக் கையைத் தலையில் வைத்தார். பத்து நிமிடத்தில் முடிந்தது. குழந்தை அழவே இல்லை. “தலை நின்னாத்தான் கத்தி போவும். தலையத் தொரத்திக்கினு கத்தி போவக்கூடாது” என்றார். இதை அவர் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன், இல்லாவிட்டால் அவரைப் புரியாது.

என் கணவர் குவைத்தில் டிரைவர். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறைதான் வந்திருந்தார். அவருடைய வீடு நாகலாபுரம் பக்கத்துக் கிராமம். மாமியார், மூத்தார் குடும்பம் என்று கூட்டுக் குடும்பம். மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். அந்த வீட்டில் நான் விடியலிலிருந்து வேலை செய்தேன், அது வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. ரேணிகுண்டா பக்கம் புதிதாக வந்த டி.வி. கம்பெனி ஒன்றில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றப் பெண்களை எடுத்தார்கள். பத்தாவது படித்திருந்தால் போதும். நான் படித்திருந்தேன். சண்டை போட்டுக்கொண்டுதான் வந்தேன். கணவர் போனில் கத்தினார், பிறகு “பாக்கலாம்” என்றார். அவர் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம் இல்லை. நீ தோற்றுத் திரும்பி வருவாய் என்று அர்த்தம்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது எதிர் வீட்டு மனிதருடைய மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். குழந்தையைக் கீழே விடவே மாட்டார். பாசம் அதிகம், பேச்சு அதைவிட அதிகம். ஊட்டும்போது “காக்கி சூடு, குக்க சூடு, பஸ்சு சூடு” என்று காக்கையையும் நாயையும் பஸ்ஸையும் காட்டி ஊரையே சுற்றி வருவார். நானும் அதே மாதிரிதான். தெலுங்குத் தெருவில் இருந்தால் நம் வாயும் தெலுங்காகிவிடும். அரை வாக்கியம் தமிழ், அரை வாக்கியம் தெலுங்கு.

குழந்தை சாப்பிடவில்லை. நான்கு வாய், ஐந்து வாய். ஸ்பூன் கிட்டே வரும்போது சரியாக முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். விளையாட்டுப் புத்தி என்றார்கள். கண் பட்டிருக்கிறது என்றார்கள். தாய்ப்பாலை நிறுத்து என்றார் ஒருவர், நிறுத்தாதே என்றார் அவர் மனைவி. வேலைக்குப் போகிறவள் குழந்தை அப்படித்தான் இருக்கும் என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். அவள் குழந்தையும்தான் சாப்பிடவில்லை, அவள் வீட்டிலேயே இருந்தாள். அதை நானும் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அப்போதுதான் வீட்டுச் சொந்தக்காரர் கலர் டி.வி. வாங்கிக் கேபிள் இழுத்தார். முற்றத்துக் குழந்தைகள் எல்லாம் அங்கே போய்ச் சாப்பிட ஆரம்பித்தன. என் மகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிளந்த வாயில் நான் சோற்றை வைத்தேன். கிண்ணம் காலியானது. ஒரு வாரம் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு அவள் சோற்றைக் கன்னத்தில் அடக்க ஆரம்பித்தாள். டி.வி.யை நிறுத்தியதும் மொத்தமாகத் துப்புவாள், இல்லாவிட்டால் வாந்தி எடுப்பாள்.

வாந்தியைக் கழுவிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு மனிதர் குழாயடிக்கு வந்தார்.

“நீ ஊட்டல. ரொப்பற” என்றார்.

“இன்னா?”

“தொட்டி ரொப்பற மாரி ரொப்பற. அது வாயிக்குள்ள போறது அதுக்கே தெரியல.”

“நீ இன்னா, புள்ள வளத்துக் கிழிச்சிட்டியா?”

அவருக்கு ஒரு மகள். பெங்களூரில் பியூட்டி பார்லரில் வேலை செய்தாள். “வளத்தேன். இப்பிடி வாய மூடிக்கினுதான் ஊட்டுனேன்” என்றார். “அதான் பெங்களூர் போயி நிறுத்தாம பேசிக்கினு கீது. அங்க முடி வெட்டும்போதுகூட டி.வி. ஓடுதாம். காது போவப்போவுது எவனுக்கோ.”

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் குழந்தையை எடை போடக் கொண்டுபோனேன். தொங்கும் தராசில் ஜட்டி மாதிரி ஒரு பையில் கால்களை நுழைத்துத் தொங்கவிடுவார்கள். ஆறரை கிலோ. போன மாதமும் ஆறரை. நர்ஸ் அட்டையில் எழுதிவிட்டு, “எட்டாவது இருக்கணும்மா” என்றார். எப்படியோ இந்தச் சேதி ஊருக்குப் போய், ஊரிலிருந்து குவைத்துக்குப் போய், எஸ்.டி.டி. பூத்துக்கு என்னை வரச்சொல்லி ஆள் வந்தது.

“ஒரு மாசம்” என்றார் என் கணவர். “அதுக்குள்ள கொயந்த தேறணும். இல்லன்னா அண்ணன் வந்து இட்டுக்கினு போவாரு. நீயும் கம்பெனிக்கு முழுக்குப் போட்டுட்டு வந்து சேரு.”

“நீ வந்து ஊட்டிப் பாரு” என்றேன். லைன் போய்விட்டது. போனதா, வைத்துவிட்டாரா, தெரியாது.

பூத்திலிருந்து வந்து முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அழுதேன். அழுகை என்று சொல்ல முடியாது, திட்டினேன். குவைத்தைத் திட்டினேன், தராசைத் திட்டினேன், குழந்தையைக்கூடத் திட்டினேன். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூட அழுதார். இவர் வாசற்படியில் உட்கார்ந்து, என் வாயிலிருந்து வந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தினி நாள் கீது?”

“ஒரு மாசம்.”

“சரி” என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த மூன்று நாள் அவருக்கு மலைமேல் வேலை இல்லை. மூன்று நாளும் அக்கா ஊட்டும்போது எதிரில் உட்கார்ந்து குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அக்காவுக்கு எரிச்சலாகி, “இன்னா, வாய்க்கு மொட்ட போடப்போறியா?” என்று கேட்டாராம். மூன்றாம் நாள் நான் கம்பெனியிலிருந்து வரும்போது முற்றத்தில் இவர் என் மகளைச் சுவர் ஓரமாக உட்கார வைத்திருந்தார். கையில் ஸ்பூன். அதில் ஒன்றும் இல்லை.

“அம்மாயி, இங்க வா. பேசாத. நில்லு.”

நின்றேன். அம்மாயி என்றால் தெலுங்கில் பெண், என்னைத்தான் கூப்பிட்டார். ஸ்பூனைக் குழந்தையின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். குழந்தை பார்த்தது. வாயைத் திறந்தது. ஸ்பூனை எடுத்துக்கொண்டார். அக்காவைப் பார்த்து, “இப்ப சொல்லு” என்றார்.

அக்கா, “காக்கி சூடு!” என்றார்.

குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

கொஞ்ச நேரம் விட்டார். மறுபடி ஸ்பூன். மறுபடி வாய் திறந்தது. “இப்ப மாத்திச் சொல்லு.” அக்கா, “காக்கி எக்கட?” என்றார். காக்கை எங்கே என்று அர்த்தம். குழந்தை வாயைத் திறந்தபடியே வானத்தைப் பார்த்தது.

“அம்மாயி, சூடுன்னா இன்னா?” என்று என்னைக் கேட்டார்.

“பாருன்னு அர்த்தம்.”

“அது தெலுகு. தமிள்ல?”

“சுடுதுன்னு அர்த்தம்” என்றேன். முற்றத்தில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் இரண்டு மொழியும் தெரியும். இரண்டும் தெரிந்ததால்தான் ஒருத்தர் காதிலும் விழவில்லை.

“எப்ப வாய் வெந்துச்சி அதுக்கு?” என்றார்.

“வேவல.”

“பொய் சொல்லாத. ஒரு வாட்டியாவது வெந்திருக்கும். இல்லன்னா இப்பிடித் திருப்பாது.”

சொன்னேன். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், ரேணிகுண்டாவில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். கேழ்வரகுக் கஞ்சி ஆறவில்லை. மேலே ஆடை படிந்திருந்ததைப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைத்து ஒரு ஸ்பூன் வைத்துவிட்டேன். நாக்கு நுனி வெள்ளையாகிப் போனது. அவள் கத்திய கத்தலோடு அவளை அந்த வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்பூனுக்கும் “சூடு, சூடு” என்று ஊதிக் காட்டினேன். அவள் அந்தச் சொல்லை நன்றாகக் கற்றுக்கொண்டாள். பிறகு நான், அக்கா, முற்றம் முழுக்க, ஸ்பூன் வாய்க்கு வரும் நேரம் பார்த்து அதையே கத்தினோம்.

இவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. தன் கட்டைவிரலைக் காட்டினார். “வேலைக்குப் போன புதுசு. வேலூர்ப் பக்கத்துப் புள்ள ஒண்ணு. அவங்கம்மா சூடு வெச்சிடுவேன், சூடு வெச்சிடுவேன்னு மெரட்டிக்கினே இருந்தா. எனக்கு அப்ப தமிள் தெரியாது. தலையத் திருப்பறதுக்கு ‘இட்டா சூடு’ன்னேன். இந்தப் பக்கம் பாருன்னேன். அது வெடுக்குன்னு அந்தப் பக்கம் திரும்பிச்சி. காதுக்குப் பின்னால இவ்ளோ நீளம்.” விரலில் பாதியைக் காட்டினார். “அன்னியிலேருந்து கத்தி கைல இருந்தா நான் வாயத் தெறக்கறதில்ல.”

அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் அதிகம்.

அதன் பிறகு முற்றத்துக்குச் சட்டம் போட்டார். அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லக்கூடாது. பார் என்று சொல்ல வேண்டுமானால் தமிழில் ‘பாரு’ என்று சொல்ல வேண்டும். கொதிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் தெலுங்கில் ‘வேடி’ என்று சொல்ல வேண்டும். பச்சைத் தெலுங்குக் குடித்தனக்காரர்கள் “காக்கி பாரு” என்றார்கள். தமிழச்சி நான் காபியை ஊதிக்கொண்டு “வேடி, வேடி” என்றேன். ‘ரெண்டு சுழி’ மறந்துபோய் “இட்டா சூ…” என்று ஆரம்பித்துவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொள்வார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதைச் செய்தார்கள். அந்த ஆறு வீட்டையும் எனக்குப் பிடிக்காது, ஒரே குழாய்க்குத் தினம் சண்டை. இருந்தாலும் செய்தார்கள் என்பதை எழுதியாக வேண்டும்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சொல் பாதிதான். என் மகள் நிஜமாகவே வேடிக்கை பார்க்கிறவள். எறும்பு போனால் அது ஓட்டைக்குள் போகும்வரை பார்ப்பாள். பாதிச் சாப்பாட்டில் தன் கால் விரலை எண்ணுவது மாதிரி ஒவ்வொன்றாகத் தொடுவாள். அதற்கு இவர் வழி இதுதான்: சுவரைப் பார்த்து உட்கார வைப்பார், தானும் சுவரில் சாய்ந்து உட்கார்வார். ஸ்பூனைத் தன் முட்டிமேல் வைத்துக்கொள்வார். அவள் எறும்பைப் பார்த்தால் பார்க்க விடுவார். கூப்பிட மாட்டார், முகத்தைத் திருப்ப மாட்டார். அவள் திரும்பிப் பார்க்கும்போது ஸ்பூன் அவள் கண்ணுக்கு நேரே இருக்கும். வாயைத் திறந்தால் உள்ளே போகும். திறக்காவிட்டால் முட்டிக்குப் போய்விடும். ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம்.

“பாக்கறது அதுக்கு வேலை” என்றார். “வேலைய முடிச்சிட்டு வரட்டும். நமக்கு இன்னா, பஸ்ஸா போவுது?”

“எனக்குப் போவுது” என்றேன்.

“அப்ப அரை மணி முன்னால எழுந்திரு.”

எழுந்தேன். முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடித்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கை பரபரக்கும். அந்த வாயைப் பிடித்துத் திறந்து திணிக்கலாம் என்று தோன்றும். இவர் ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு வந்து, எதிரில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, என் கையைத்தான் பார்ப்பார். ஸ்பூன் முட்டியைவிட்டு முன்னால் நகர்ந்தால் தொண்டையைச் செருமுவார்.

அவரைப் பெரிய மகான் ஆக்கி நான் எழுதமாட்டேன். அக்காவை அவர் நடத்திய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையோடு பேசிப் பேசிச் சந்தோஷமாக இருந்த பெண். “சாப்பாட்டு நேரத்துல நீ பேசாத” என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். அக்கா அன்று சாயங்காலம் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதார். “முப்பது வருசமா எனக்கும் அதையேதான் சொல்லிக்கினு கீறாரு. கொயந்தைக்காவது சீக்கிரம் எடை ஏறிடும், எனக்கு எப்ப முடியும்?” நான் இவரிடம் போய் நேராகக் கேட்டேன். பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வேலையில் பழகியது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அதற்காக அதை மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்கா இடையில் உள்ள நேரம் முழுக்கக் குழந்தையோடு இரண்டு மடங்கு பேசிப் பழிவாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் முடிந்தது. தராசு ஏழேகால் காட்டியது. நர்ஸ் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏறுதே” என்றார். ஏழேகால். எட்டு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூத்தார் வந்தார். கையில் ஒரு பெரிய ஒயர் கூடை. காலி. குழந்தையின் துணிமணி வைக்க.

“இன்னாமா, எலும்பாதான் கீது கொயந்த” என்றார் வந்ததும்.

“முக்கா கிலோ ஏறியிருக்கு மாமா.”

“எட்டுன்னு சொன்னாங்களே?”

அப்போது இவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். சட்டையில் சந்தன வாசனை. விஷயம் புரிந்தது. கை கழுவிவிட்டு வந்து, “சாப்பாட்டு நேரம். கொண்டா” என்றார். பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்த சோற்றைக் கொடுத்தேன். என்னை ஊட்டவிடவில்லை. தானே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தார்.

மூத்தார் சும்மா இருப்பாரா? கை தட்டினார். “கண்ணு, பெரிப்பா பாரு! பெரிப்பாவாண்ட வா!” இவர் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.

“இன்னா? எங்க ஊட்டுக் கொயந்தையாண்ட நான் பேசக்கூடாதா?”

ஸ்பூன் முட்டிமேல் இருந்தது. மூத்தார் இன்னும் கொஞ்சம் கை தட்டினார், பிறகு ஓய்ந்தார். என் மகள் தவழ்ந்து அவரிடம் போனாள். சட்டைப் பொத்தானைப் பிடித்தாள். திருகினாள். நக்கிப் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூத்தாருக்குக் கூச்சமாகிவிட்டது, அசையாமல் உட்கார்ந்திருந்தார். பொத்தானை முடித்துவிட்டு அவள் தானாகத் திரும்பித் தவழ்ந்து வந்து, இவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அப்படி நான்கு முறை போனாள், நான்கு முறை வந்தாள். கிண்ணம் காலி.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“நல்லாத்தான் துன்னுது” என்றார் மூத்தார். “ஆனா இப்பிடி ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் உக்கார ஒனக்கு எங்க நேரம் கீது? ஊருல நாலு பொம்பளைங்க கீறாங்க. துணியெல்லாம் எடுத்து வை. நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும்.”

நான் இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். ஆண் பிள்ளை சொன்னால் மூத்தார் கேட்பார். ஒரு மாதம் ஊட்டிக் கரையேற்றியவர் சொன்னால் கேட்பார்.

“அண்ணா, நீயாச்சும் சொல்லு” என்றேன்.

இவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். “ஊட்டறத நான் ஊட்டுனேன். பேசறத நீதான் பேசணும்” என்றார். “ஒனக்கு அது வரும்.”

உள்ளே போய்ப் படுத்துவிட்டார். கதவைக்கூடச் சாத்திக்கொண்டார். அந்த நிமிடம் அவரைப் போல நான் யாரையும் வெறுத்ததில்லை.

பிறகு பேசினேன். “மாமா, நாலு பொம்பளைங்க கீற ஊட்லதான் நானும் இருந்தேன். நாலு பேரும் நாலு பக்கம் வேலையாத்தான் இருந்தோம். கொயந்தைக்கு அங்க ஒரு மணி நேரம் யாரு உக்காருவாங்க? ஒங்க அம்மாவா, ஒங்க ஊட்டுக்காரம்மாவா? பேர் சொல்லுங்க. சொல்லுங்க, துணிய எடுத்து வெக்கறேன்.”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். ஒரு பெயரும் வரவில்லை.

“தம்பிக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

“நீங்க சொல்ல வேணாம். நான் சொல்லிக்கறேன். கொயந்த இங்கதான் இருக்கும்.”

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். காலிக் கூடையோடு ஒரு ஆளை அனுப்பக்கூடாது என்று அக்கா அதில் பத்து முருங்கைக்காயைப் போட்டுக் கொடுத்தார். கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காயோடு மூத்தார் பஸ் ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். இவர் அதன் பிறகும் என்னிடம் பத்து வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசியதில்லை. இப்போது இருக்கிறாரா என்று தெரியாது.

மூத்தார் போன அன்று சாயங்காலமே பூத்துக்குப் போய் நானே குவைத்துக்குப் போன் போட்டேன். கணவர் எடுத்ததும் கத்த ஆரம்பித்தார். ஊரிலிருந்து அதற்குள் சேதி போயிருக்கிறது. குடும்பம் என்றார், மானம் என்றார், என் படிப்பைச் சொன்னார், என் நைனாவைச் சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு மூச்சு வாங்கியது. “கேக்கறியா? இருக்கியா?” என்றார்.

“இருக்கேன். முடிச்சிட்டியா?”

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அப்போது சொன்னேன். “கொயந்த எங்கியும் போவாது. நானும் வேலைய விடமாட்டேன். லீவுல வரும்போது ஒரு வேளை நீ ஊட்டு. எப்பிடின்னு நான் காட்டறேன்.”